சத்து மாத்திரை

எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டது. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் நாளெல்லாம் கம்பி தூக்கிவிட்டு வருகிற மனுஷன், லாரித் தண்ணீரையும் தானே பிடித்து இரண்டு மாடி ஏற்றினார். குடத்தைத் தொடவே என்னை விடவில்லை. எதிர்வீட்டு அக்கா அவரைச் செய்யாத கேலி இல்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை.

இதெல்லாம் ஆரம்பித்தது ஸ்கேன் எடுத்த அன்றுதான்; அன்றே ஒரு மாத்திரை அட்டையும் கொண்டுவந்தார். சத்து மாத்திரை, ஒரு நாளும் விடாதே என்றார். அட்டையில் இங்கிலீஷில் இருந்ததை யார் படித்தார்கள்? சத்து மாத்திரை தின்றால் பிள்ளை பெருத்துவிடும், அப்புறம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள் என்பது எங்கள் குடியிருப்புப் பெண்களின் வேதம். தினமும் ஒன்றை உரித்து ஜன்னல் வழியே வீசினேன். அட்டை காலியாக ஆக, அவரும் திருப்தியோடு அடுத்ததை வாங்கிவந்தார்.

ஏழாம் மாதம் வளையல் அடுக்க நாள் குறித்திருந்தோம். அதற்கு நாலு நாள் முன்னால் வலி வந்து பெண் பிறந்துவிட்டாள். இரண்டு கைக்குள் அடங்கிவிடுவாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே, பிரசவம் முந்தாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டாயா என்று கேட்டார். எந்த மாத்திரை என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கர்ப்பப்பை வாய் குட்டையாக இருக்கிறது, குறைமாதத்தில் பிறக்கலாம் என்று ஸ்கேன் அன்றே அவரிடம் சொல்லியாயிற்றாம். என் வயிற்றுச் சேதி. அப்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன்.

வீசிய மாத்திரை ஒவ்வொன்றும் கண்ணில் வந்தது. போட்டிருந்தால் நின்றிருக்குமா என்று கேட்டேன். சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது, சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் இன்றுவரை என்னை விடவில்லை.

ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அத்தனை நாளும் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரேதான் ஆரம்பித்தார்.

"நீ பயந்துகினா அதுவே வலிய இஸ்துகினு வந்துரும்னுதாம்மே சொல்லல."

"பயந்திருந்தா முழுங்கியிருப்பேனேய்யா" என்றேன்.