திருவிருந்து மறுக்கப்பட்ட எங்கள் அக்கா

இந்நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்களில் சிலருக்கு இக்கட்டுரை கசக்கும். கசக்கட்டும். அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. இனியும் மென்று விழுங்க என்னால் இயலவில்லை.

அக்கா நசரத்பேட்டையில் பிறந்தார். அப்பா தவறியதும் படிப்பை நிறுத்தி, திருமழிசையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தம்பியாகிய என்னைப் படிக்கவைத்தார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் கற்பித்தார். எண்பதுகளின் நடுவில், சபைப் பாடகர் குழுவில் பாடிய ஒருவருக்கு அவரைக் கட்டிவைத்தோம்.

அந்த மனிதருக்கு அம்பத்தூரில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம். சபையில் அறியாதவர் இல்லை. நினைத்தபோது வருவார், படுக்கைக்கு அழைப்பார். ஒருநாள் அக்கா கதவைத் திறக்கவில்லை. அந்த மனிதர் நேரே போதகரிடம் போய் முறையிட்டார்.

போதகர் கமிட்டிக்காரர்களோடு வீட்டுக்கு வந்தார். மனைவியின் உடல் அவளுக்குச் சொந்தமில்லை, கணவனுக்கே என்று வேதத்தைக் காட்டிச் சொன்னார். "சம்பாத்தியம், டிவின்னு வந்ததும் பொம்பளைங்களுக்குக் கீழ்ப்படிதல் போயிடுச்சும்மா" என்றார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "பாதியிலே நிறுத்திட்டீங்களே பாஸ்டரய்யா. புருஷன் ஒடம்பு பொஞ்சாதிக்குச் சொந்தம்னு அதே வசனத்துல கீதே. இவரு ஒடம்பு அம்பத்தூர்ல கீது. மொதல்ல அந்த ஒடம்ப இட்டுகினு வாங்க."

அடங்காதவள் என்று தீர்ப்பாயிற்று. கணவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது என்றார்கள். அவருக்கோ எந்தத் தடையும் இல்லை. "கொஞ்சம் அனுசரிச்சிகினு போனா இன்னா?" என்று கேட்ட குமணன்சாவடி அத்தையும் இதைப் படிப்பார்.

சபை முழுவதும் பீடத்தின் முன் முழங்காலிடும்போது அக்கா மட்டும் தனியே அமர்ந்திருப்பார். வேறு சபைக்குப் போகலாம் என்று மன்றாடினேன்.

"நான் இன்னாத்துக்குடா போணும்? தப்பு பண்ணவரு முன்னாடி நின்னு பாடிகினு கீறாரு" என்றார்.

வயிற்றில் புற்றுநோய் முற்றியபோது அக்கா திருவிருந்து கேட்டார். போதகர் வீட்டு வாசலில் நின்றேன். "மொதல்ல புருஷனோட ஒப்புரவாகச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினார்.

அதைக் கேட்ட அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "அவரு மேசையாடா அது? ஆண்டவரு மேசை. அங்கயே போய் வாங்கிக்கறேன்."

அக்கா அடக்கமாகிச் சில மாதங்களில், அதே போதகர் சபையில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்து, அதே பீடத்தின் முன் அந்த மனிதருக்கும் அம்பத்தூர்ப் பெண்ணுக்கும் திருமணம் நடத்திவைத்தார். மரணம் பிரித்துவிட்டதால் வேதத்தின்படி தடையில்லையாம். நம் உறவினர் பலர் அங்கே பிரியாணி சாப்பிட்டார்கள்.

எங்கள் நன்றி, அக்காவோடு வேலை செய்த திருமழிசைப் பெண்களுக்கு. நெற்றியில் திருநீற்றோடு வந்து, முறைவைத்து அக்காவைக் குளிப்பாட்டி, மலம் அள்ளி, அவர் கேட்டபோதெல்லாம் வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தவர்கள் அவர்களே. இன்றைய நினைவு விருந்தில் முதல் பந்தி அவர்களுக்கு. அந்தத் திருமணத்தில் சாப்பிட்டவர்கள் அவர்கள் எழும்வரை காத்திருக்கவும்.

தம்பி