மாமன் கட்டில் மெலிந்த காரணம்

உறவினர்களுக்கும், அண்ணனோடு பழகிய எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. நான்கு பேர் இருக்கும் இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவள் நான். அண்ணன் மகன் வந்து, "அத்தை, அப்பாவைப் பத்தி நீங்கதானுங்க எழுதோணும். சின்ன வயசுல இருந்து பாத்தவங்க வேற ஆரு இருக்கறாங்க?" என்று ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். மறதியும் வந்துவிட்டது. வருடங்கள் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். எங்கள் அப்பா எண்ணெய்ச் செக்குக்கு உலக்கையும் வண்டிக்கு நுகத்தடியும் செய்து கொடுத்தவர். அம்மா தவறியபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு. காலையில் சோறு பொங்கி வைத்து, எனக்குத் தலையும் பின்னிவிட்டுத்தான் அப்பாவோடு வேலைக்குப் போவார். ஒரு சடை மேலே இருக்கும், ஒன்று கீழே இருக்கும். "மட்டம் பாத்துத்தான் பின்னுனேன் அம்மிணி, உன்ற தலைதான் கோணலு" என்பார்.

பிறகு திருப்பூர் வந்தார். பனியன் கம்பெனிகளுக்குக் கட்டிங் மேசை செய்வதில் அவருக்கு நல்ல பெயர். மேசையை முடித்ததும் ஒரு பனியன் துணியைப் பலகைமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுப்பார். எங்காவது ஒரு நூல் மாட்டினாலும் மறுபடி இழைப்பார். கம்பெனிக்காரர் போதும் என்றாலும் விடமாட்டார். என்ன மரம் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். புது மரம் எது கைக்கு வந்தாலும் ஒரு சில்லு எடுத்து, பெயரெழுதிய சீட்டு கட்டி, ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பார்.

என் வீட்டுக்காரர் தவறிய பின் என்னையும் என் மகளையும் திருப்பூர் ராயபுரத்துக்கு அழைத்துவந்து, தம் வீட்டுக்கு அடுத்த சந்தில் குடிவைத்தார். ஒரு கம்பெனியில் செக்கிங் வேலையும் பார்த்துக் கொடுத்தார். தைத்து வரும் பனியனில் கறை, ஓட்டை இருந்தால் பார்த்து ஒதுக்க வேண்டும். அந்த வேலை பார்த்துப் பார்த்து என் கண்ணே கெட்டுவிட்டது. எதைப் பார்த்தாலும் கறையாகத்தான் தெரியும்.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, என் மகளுக்கு வீரபாண்டியில் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளையின் அப்பா சாயப் பட்டறையில் மாஸ்டர். தகப்பன் இல்லாத பெண், அதனால் கட்டில் சீர் மாமன் செய்வதாக அண்ணன் சபையில் சொல்லிவிட்டார். அந்த வருடம் தேக்கு எடுக்க அவருக்கு வசதி இல்லை. ஒரு பழைய சாயப் பட்டறையைப் பிரித்தபோது தொட்டிக்குக் கீழே கிடந்த பலகைகளை எடுத்துவந்தார். இரண்டு விரல் கனம். இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. மேலெல்லாம் நீலமும் பச்சையுமாகச் சாயம் அப்பியிருந்தது.

அண்ணன் இழைத்தார். நீலம் போயிற்று, பச்சை போயிற்று. அடியில் ரோஸ் நிறமாக இருந்தது.

நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னும் சாயம் போகலீங்க" என்றேன்.

"இது சாயமாட்டந் தெரியல அம்மிணி. மரத்து நெறமே இதுதான்னு படுது."

"மாப்பிள்ளை வெள்ளை வேட்டி கட்டறவருங்ணா. ஒட்டிக்கிச்சுன்னா சம்பந்தியம்மா என்னைத்தான பேசுவாங்க?"

அண்ணன் இழைப்புளியை எடுத்தார். மறுபடி இழைத்தார். மறுநாள் போனேன், அதே ரோஸ். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பலகையைத் திருப்பிப்போட்டு அந்தப் பக்கமும் இழைத்தார். சீவல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது, அதுவும் ரோஸ். இப்படி மூன்று தரம். கடைசியில், கால் சேர்க்கத் துளை போடப் பலகைக்குள் உளி இறக்கியபோது, உள்ளேயிருந்து வந்த சில்லும் அதே நிறமாக இருந்தது. அதை என் கையில் வைத்தார்.

"வவுத்துக்குள்ள எந்த மாஸ்டரு வந்து சாயம் போட்டாரு, சொல்லு?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு விரல் கனம் ஒரு விரல் ஆகியிருந்தது. கலியாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, வேறு மரத்துக்கு வழியில்லை. அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் கூடுதலாகக் கொடுத்துக் கட்டிலை முடித்தார்.

என்ன மரம் என்றுதான் தெரியவில்லை. ஒரு மரக்கடைக்காரர் வேங்கை என்றார். வேங்கைச் சீவலைத் தண்ணீரில் போட்டால் நீலம் ஓடுமாம், இதில் ஓடவில்லை. இன்னொருவர் மருது என்றார். மருதுக்கு இந்த வழவழப்பு வராது என்று அண்ணன் சொல்லிவிட்டார். தேக்குக் கலர் பாலிஷ் அடித்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று பாலிஷ் கடையில் யோசனை சொன்னார்கள். நானும் அப்படியே செய்யுங்கள் என்றேன். "பொய்க்குப் பாலிஷ் போட்டுப் புள்ளைக்குக் குடுக்கறதா?" என்றார்.

கலியாணத்துக்கு முன் சம்பந்தி வீட்டார் அண்ணனுடைய மரப் பட்டறைக்குக் கட்டில் பார்க்க வந்தார்கள். சம்பந்தியம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, சாயப் பட்டறைப் பலகைன்னு பேசிக்கறாங்களே, நெசமுங்களா?" என்றார்.

"நெசந்தானுங்க. பலகை கெடந்த எடம் அது. நெறம் அதோடதுதான்."

மாஸ்டர் சம்பந்தி பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். ஹைட்ரோஸ், சாயம் ஏறிய துணியை வெளுக்க வைக்கிற மருந்து. வெந்நீர் வாங்கிக் கரைத்து, முதலில் ஒரு சிவப்புத் துண்டுத் துணியை நனைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. பிறகு அதே தண்ணீரைக் கட்டில் சட்டத்தில் விட்டு அப்படியே வைத்திருந்தார். நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரோஸ் அப்படியே இருந்தது.

"ஆண்டவன் போட்ட சாயமுங்க சம்பந்தி. என்னால வெளுக்க முடியாது" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

சம்பந்தியம்மா விடவில்லை. "அப்ப என்ன மரமுங்க?"

"பேரு தெரியலீங்க. தெரிஞ்சா வந்து சொல்றனுங்க."

சம்பந்தியம்மா சட்டத்தை விரலால் அளந்தார். "மரம் பேரில்லாதது, சரி. சட்டம் ஏனுங்க இத்தன மெலிசு? மாமன் கையி சுருங்கிருச்சுங்களாட்ட இருக்குது."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். நான் சொல்லித்தான் இழைத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ற கைதானுங்க, கொஞ்சம் எச்சா ஓடிருச்சு" என்றார்.

ஒரு பலகையைக்கூட அளவு தப்பி இழைக்காத கை அது. அன்றிலிருந்து நம் உறவுக்குள் "மாமன் கட்டிலு, பாத்து ஒக்காருங்க" என்பது கேலியாகிவிட்டது. விசேஷ வீடுகளில் அண்ணன் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் இருந்தவரை நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அவரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. இதை எழுதத்தான் நோட்டை வாங்கிக்கொண்டேன். கட்டில் மெலிந்தது என்னால்தான். அந்தக் கேலியை இனி என்னைப் பார்த்துச் செய்யுங்கள். அந்தக் கட்டிலில்தான் என் மகள் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். இன்றுவரை ஒரு கிறீச் சத்தம் இல்லை.

அண்ணனுக்குக் கடைசியில் மூச்சுத் திணறல். மரத்தூள் நெஞ்சில் சேர்ந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் கண்விழித்த பிள்ளைகளுக்கும், ராயபுரம் சந்துக்காரர்களுக்கும், அவரை எடுத்த அன்று மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்ற கம்பெனிக்காரர்களுக்கும், சொல்லாமலே வந்து வண்டி ஓட்டிய டெம்போக்காரத் தம்பிக்கும் என் கும்பிடு. மாஸ்டர் சம்பந்தி, நடக்க முடியாத நிலையிலும் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சம்பந்தியம்மாவும் வந்து என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்து அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தோம். எல்லாச் சில்லுகளிலும் மரத்தின் பெயர் இருந்தது. ஒன்றில் மட்டும், "அம்மிணி மகள் கட்டில். பேர் தெரியவில்லை. கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

வருடங்களும் ஊர்க் கணக்கும் தப்பாக இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். மரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வீரபாண்டிக்குப் போய் என் மகள் வீட்டுக் கட்டிலைப் பாருங்கள். மேலே நிறம் கருத்துவிட்டது, அடிச்சட்டத்தைப் பார்த்தால் தெரியும். பெயரைச் சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள். தெரிந்தால் வந்து சொல்வதாக அண்ணன் சொல்லியிருந்தார்.