மணியன் சைக்கிளுக்கு நான் போட்ட இருபத்திரண்டு பல்

நான் மூணாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் விசைத்தறியில் எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒன்பது வயதில் ஆட்டையாம்பட்டிக்குத் தறி நூலைத் தார்க்குச்சியில் சுற்ற வந்தவள், முப்பத்திரண்டு வயதில் சொந்தமாக நாலு தறி போட்டேன். மிஸ்திரி வரட்டும் என்று தறியை நிறுத்தி வைத்த நாள் என் தறிக்கூடத்தில் ஒன்று கிடையாது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே தறிக்கு அடியில் படுத்துவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மணியனுக்குத் தறிச் சத்தமே ஆகாது. கல்யாணமான மறுவருஷமே கை முறுக்கை டின்னில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முப்பத்தொரு வருஷமாகப் பதினோரு டீக்கடை. காலை ஏழு மணிக்குள் கடைசிக் கடைக்கு முறுக்கு போய்விடும், ஒன்றுகூட உடையாது. ரோட்டில் எங்கே பள்ளம் என்று ரோடு போட்டவருக்கு மறந்திருக்கும், இவருக்கு மறக்காது. கடைக்காரர்களோடு வம்பு பேசிவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

போன ஐப்பசியில் இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. "இனிமேல் சைக்கிள் மிதிக்கக் கூடாது" என்றார் டாக்டர். மேட்டூரில் வேலையாக இருக்கும் எங்கள் பையன் குருமூர்த்தி, அங்கே ஒரு குடோனில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை பேசி வைத்துவிட்டான். "தை பொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். இவரும் சரி என்றார். ஆனால் அன்றைக்கு ராகிக் களியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மொபெட் ஓட்டலாமே என்பீர்கள். லைசென்சுக்கு எட்டுப் போடப் போய் இரண்டு முறையும் காலை ஊன்றிவிட்டு வந்த மனுஷன். புது பேட்டரி சைக்கிள் விலையில் ஒரு பழைய தறியே வாங்கலாம். அதனால் இருக்கிற சைக்கிளிலேயே மோட்டார் வைப்பது என்று நான் முடிவு செய்தேன்.

சேலத்தில் அருணகிரி பழைய பேட்டரி வண்டிகளைப் பிரித்து விற்கிறார். சின்ன கியர் மோட்டார் ஒன்றைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தேன்.

"ஏனுங்கம்மா, பேரனுக்குப் பொம்மை வண்டிங்களா?" என்றார்.

"பேரனோட தாத்தனுக்கு. இதுல பேரிங் சத்தம் போடுது, அடுத்ததை எடுங்க சாமி."

மூன்றாவது மோட்டாரைத்தான் வாங்கினேன், கூடவே பேட்டரியும் ஆக்சிலேட்டரும். அதன் பிறகு அவர் என்னிடம் பொம்மைப் பேச்சு பேசவில்லை.

மோட்டார் கிடைத்துவிட்டது. அதன் சுற்றைப் பின் சக்கரத்துக்கு எதை வைத்துக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. மொபெட் செயினும் பல்சக்கரமும் மலிவாகக் கிடைத்தன. தூக்கிப் பார்த்தேன், மோட்டாரைவிடக் கனம். மோட்டார் அந்தச் செயினை இழுக்குமா, ஆளை இழுக்குமா? சைக்கிள் கடை மணிமாறன், "சாதா சைக்கிள் செயின் போதுமுங்க அக்கா" என்றார். நான் கேட்கவில்லை. என் கூடத்தில்தான் தறி பெல்ட்டும் புல்லியும் சும்மா கிடக்கிறதே! பெல்ட் என்றால் குலுக்காது, முறுக்கு உடையாது, செலவும் இல்லை. சக்கரத்தின் இடது பக்கம் புல்லியை மாட்டி, பெல்ட்டைப் போட்டு, மெழுகும் தடவினேன். வாசலில் நாலு சுற்று வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. தெருவே பார்த்தது. நானும் எல்லோரும் பார்க்கிற மாதிரிதான் நின்றேன்.

மறுநாள் காலை தூறல். ஏரிக்கரை மேட்டில் பெல்ட் நனைந்து, 'கீச்' என்று கத்திவிட்டு வழுக்கியது. மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. வலிக்கிற காலோடு தள்ளிக்கொண்டே போய், எட்டரைக்குக் கடைசிக் கடை சேர்ந்திருக்கிறார்.

"உன்ற பெல்ட்டு நல்லாப் பாடுது புள்ள. முறுக்குத்தான் சுமக்க மாட்டேங்குது" என்றவர், டிரங்குப் பெட்டியைத் துடைத்து வேட்டிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார்.

தப்பு என்னுடையதுதான். ஐம்பது வருஷம் பெல்ட்டோடு வாழ்ந்தும் ஒன்றை யோசிக்கவில்லை: தறிக்கூடத்துக்குள் மழை பெய்யாது. இப்படி ஒரு தப்பைத் தறிக்காரி தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

பையன் வருவதற்கு நாலு நாள்தான் இருந்தது. மணிமாறன் கடைக்கே திரும்பிப் போனேன்.

"செயின் போடறேன் தம்பி. ஆனா வலது பக்கம் பெடல் செயின் ஓடுது, இடது பக்கம் ப்ரீவீல் பல்சக்கரத்தை மாட்டுனா தலைகீழாச் சுத்தும், சக்கரத்தைப் பிடிக்காது. என்ன பண்றது?"

"அதுக்குச் சக்கர நடுவுல தனி ஹப் போடோணுமுங்க அக்கா. மெட்ராஸ்ல இருந்து வரோணும். வெலையும் ஜாஸ்தி."

வீட்டுக்கு வந்து சைக்கிளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன ஆளுக்குப் பெடல் செயின் எதற்கு? அதைக் கழற்றிவிட்டால் வலது பக்கம் காலி! சைக்கிளின் சொந்தச் செயினே மோட்டாருக்கு ஆகும், சொந்த இடத்திலேயே ப்ரீவீலும் உட்காரும்.

அவர்தான் விடவில்லை. "பெடல் இல்லாம அது சைக்கிளாடி? முப்பத்தொரு வருசம் மிதிச்சது."

"மிதிச்சது போதுமுங்க. கால் வெக்கக் குழாய் வெச்சுத் தாரேன். மகாராஜா மாதிரி போங்க."

கொஞ்ச நேரம் பெடலை வெறும் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

மோட்டாரில் ஒன்பது பல். ப்ரீவீலில் பதினெட்டு பல் போட்டால் வேகமாகப் போகும் என்றார் மணிமாறன். எனக்கு வேகம் வேண்டாம், மேடு ஏற வேண்டும். இருபத்திரண்டு வாங்கினேன். பின்னால் பல் கூடினால் ஓட்டம் குறையும், இழுவை கூடும். மோட்டாரையும் ப்ரீவீலையும் ஒரே நேரில் நிறுத்தத் தறியிலிருந்து பாவு நூல் ஒன்றை எடுத்து இழுத்துக் கட்டினேன். நூலை விட்டு அரை விரல் விலகினாலும் செயின் கழன்றுவிடும். இந்த முறை மொத்தச் செலவு, ஒரு ப்ரீவீலும் நீளம் போதாததற்கு எட்டுக் கண்ணி செயினும் கால் வைக்கும் குழாயும்தான்.

ஞாயிற்றுக்கிழமை குருமூர்த்தி வந்துவிட்டான். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. "பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது சாமி, மேடு வரைக்கும் வா" என்று இழுத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்றே செயின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு கேரியரில் நான் ஏறி உட்கார்ந்தேன்.

"அம்மா, டின்னு வெச்சுப் பாருங்கம்மா!"

"டின்னு இருபது கிலோடா. நான் அறுபத்தெட்டு. என்னை இழுத்தா எதையும் இழுக்கும்."

அவர் ஆக்சிலேட்டரைத் திருகினார். வண்டி நடக்கிற வேகத்தில் மேட்டில் ஏறியது. பாதியில் முனகியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், ஏதோ அதனால் எடை குறையும் என்கிற மாதிரி. செயின் ஒரு பல்கூடத் தாண்டவில்லை. உச்சிக்கு வந்ததும் டீக்கடையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள்.

குருமூர்த்தி மூச்சு வாங்க ஓடிவந்தான். "அப்பா, நில்லுங்க! பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

"மேட்டூர்ல அந்தக் கேட்டை வேற யாராச்சும் தொறந்து மூடட்டும் சாமி!" என்று திரும்பாமலே கத்தினார். "எனக்கு நாளைக்குக் காலைல பதினோரு கடை இருக்குது!"

"ஏனுங்க, என்னையாவது எறக்கி விடுங்க!" என்றேன்.

எங்கே விட்டார்? அந்தப் பக்க இறக்கத்தில் சிரித்துக்கொண்டே விட்டார் வண்டியை.