புளி போட்டுத் துலக்கிய ராஜராஜன்

மலேசியாவின் கோத்தா திங்கி ஊரில் வந்த வெள்ளம் அய்யாவு வீட்டுக் குளிர்ப்பெட்டியைக் கொண்டுபோனது. பதிலுக்கு ஒரு செம்புக்காசை வைத்துவிட்டுப் போனது. பின்பக்கக் கால்வாயில் சேறு அள்ளும்போது மண்வெட்டியில் ஏறி வந்தது அது. இருபது சென் அளவு, உடம்பெல்லாம் பச்சை. ஒரு பக்கம் ஒருவர் நிற்கிறார். மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அருகே தேய்ந்த நாகரி எழுத்துகள்.

கைப்பேசியில் தேடியதில் அதே உருவம் கிடைத்தது: ராஜராஜ சோழன் காலத்துக் காசு. அதுவரை செனாய் ஊருக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டிய அய்யாவு, மறுநாள் முதல் சோழப் பேரரசின் ஜொகூர் மாநிலப் பொறுப்பாளராக அதே பஸ்ஸை ஓட்டினார். காசு பஞ்சு சுற்றப்பட்டு மைலோ டின்னுக்குள் குடியேறியது. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

"அண்ணே, கடாரத்துக்கு வந்தது மகன் ராஜேந்திரன்தானே? அதுவும் வடக்க கெடாவுக்குல்ல வந்தாரு?" என்று கேட்டான் பஸ்ஸில் வரும் குணாளன்.

"அப்பா அடிச்ச காசு மகன் பையில இருக்காதா? கெடா வரைக்கும் வந்தவங்க ஜொகூர எட்டிப் பாக்காமலா போயிருப்பாங்க? பேசாம உட்காரு லா!"

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கலாம். ஆனால் ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது.

கோயில் மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடாயிற்று. 'சோழ நாணய ஆய்வாளர் அய்யாவு' என்று பதாகையும் அடித்துவிட்டார்கள். பதாகை அடித்த பிறகு வரலாறு மாறுவது முறையல்ல.

மாற்றப் பார்த்தவர் ரவீந்திரன். நிலஅளவை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், பூர்வீகம் யாழ்ப்பாணம், அதைத் தானும் மறக்கமாட்டார், பிறரையும் மறக்கவிடமாட்டார்.

"அய்யாவு, இதே மாதிரி இலங்கை ராசாக்களும் காசு அடிச்சவை. பராக்கிரமபாகுவின்ர காசும் இப்பிடித்தான். எழுத்தைப் பாரும். ராஜராஜன் எண்டால் ஒரே எழுத்துகள் ரெண்டு தரம் வரவேணும்."

"அந்தக் காலத்துல எஸ்டேட்டு கிராணி, கணக்கு வேலையெல்லாம் யாழ்ப்பாணத்துக்காரங்க நீங்களே எடுத்துக்கிட்டீங்க, சார். ராஜராஜனையாச்சும் எங்களுக்கு விட்டு வைங்க."

"நான் விடுவன். சந்திரமதி விடமாட்டா. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன்."

சந்திரமதி ஜொகூர் பாருவில் பழங்காசுகளை ஆராய்பவர். நாகரி படிக்கத் தெரிந்தவர்.

அன்று மாலை அய்யாவு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். முதல் எழுத்து, அடுத்தது, அதற்கும் அடுத்தது. எதுவும் எதைப்போலவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். வெளிச்சத்தைக் குறை சொல்லி, இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார். எழுத்துகள் அசைந்து கொடுக்கவில்லை. பதாகையும் பொன்னாடையும் கண்முன்னே வந்து போயின.

மறுநாள் வியாழக்கிழமை, அவர் மனைவி புஷ்பவள்ளி வெள்ளிக்கிழமை பூசைக்கு விளக்குத் துலக்கும் நாள். அய்யாவு வேலை முடிந்து வந்தபோது குத்துவிளக்கு, மணி, தூபக்கால் வரிசையில் கடைசியாகக் காசும் உட்கார்ந்து மின்னிக்கொண்டிருந்தது.

"என்னா புள்ள செஞ்ச?"

"புளியும் உப்பும் போட்டேன், போகல. கம்பி நாரு வச்சு நாலு இழு இழுத்தேன். பெரிய மனுஷங்க பாக்க வராங்க, பாசி புடிச்ச காசையா நீட்டுவீங்க?"

"அலமாக், ஐயோ! எழுத்து எங்க?"

"அது எழுத்தா? அழுக்குன்னுல்ல நெனச்சேன்."

அய்யாவு போட்ட சத்தம் மூன்று வீடு தள்ளியிருந்த ரவீந்திரனுக்குக் கேட்டது. அவருக்குக் கேட்பதற்கு எவ்வளவு சத்தம் தேவையோ, சரியாக அவ்வளவு.

ஞாயிற்றுக்கிழமை சந்திரமதி காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒருத்தர் நிக்கிறார், ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். யாருன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பழங்காசைப் போய்த் துலக்குவாங்களா?"

"வீட்டுல எத்தன தடவ சொல்றது, மேடம்," என்று அய்யாவு துக்கம் காத்தார்.

"அப்ப ராஜராஜன் எண்டு சொல்ல ஏலாது," என்றார் ரவீந்திரன்.

"இல்ல எண்டும் சொல்ல ஏலாது, சார்," என்றார் அய்யாவு, வாழ்வில் முதன்முறையாக யாழ்ப்பாணத் தமிழில்.

மண்டபத்தில் பொன்னாடை போர்த்தப்பட்டது. பச்சையாக இருந்தபோது எட்டிப் பார்க்காத தெருவே, பளபளக்கும் காசைப் பார்க்க வரிசையில் நின்றது.

வீடு திரும்பியதும் பொன்னாடையைப் புஷ்பவள்ளி தோளில் போட்டார் அய்யாவு. அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும். மைலோ டின்னுல பஞ்சுக்குள்ள இருந்த காசு, வெளக்குத் தட்டுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"வெள்ளத்துல வந்த காசுதானே, புள்ள," என்றார் ஆய்வாளர். "ஒரு எடத்துல இருக்காது."