சித்தி ஊசி போட்ட தட்டுகள்

சித்தி முன்பு ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள். குத்தி முடித்த பிறகும் "எப்ப போடுவீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. பிறகு அதே கையால் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுக்களுக்குப் போட ஆரம்பித்தாள். மருந்து அல்ல, பூஞ்சை வித்து. உயிரோடிருக்கும் கூட்டுப்புழுவின் வயிற்று மடிப்பில் ஒரு துளி. புழு இறுகி, அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் தீக்குச்சி கனத்துக்கு முளைகள் எழும். மருந்துக் கம்பெனிகள் அதற்காகக் காத்துக் கிடக்கும்.

சித்தியின் வளர்ப்பறையிலேயே வித்து வளர்த்துக் கொடுத்தது அவள் தம்பி, என் மாமா. கல்யாணமானதும் அவர் தனியாக ஓர் அறை போட்டார். "வித்து நானே அனுப்பிடறேன்கா" என்றார்.

அதற்குப் பிறகு சித்தியின் தட்டுகளில் வெள்ளைப் பஞ்சு மட்டுமே படர்ந்தது. முளை இல்லை.

"வித்துல ஏதாவது கோளாறாடா?"

"எனக்கும் அதே வித்துதான்கா. உனக்குக் கை நடுங்குது, ஆழமா குத்திடறே. கோவிச்சுக்காதே, வயசாகுதில்ல? ரூமை என்கிட்ட விட்டுட்டு நிம்மதியா இரு."

நரம்பு டாக்டரைப் பார் என்று தூரத்திலிருந்து நானும் போனில் அரித்தெடுத்தேன். சித்தி நிறைந்த டம்ளரைப் பிடித்துக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாளாம். கடைசியில் அறையை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டாள்.

அந்தச் சமயம் மாமாவுக்கு ஒரு லோடு கூட்டுப்புழு வந்திறங்கியது. அங்கே ஊசி போடும் அவர் மனைவி, என் அத்தையோ பிரசவத்துக்குப் போயிருந்தாள். விட்டால் அத்தனையும் பூச்சியாகி வெளியே வந்துவிடும். வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டார். சித்தி பயந்து பயந்து போட்டுவிட்டு வந்தாள்.

"நீ போட்டது பூரா போச்சுக்கா. பரவாயில்ல, விடு" என்றார் பிறகு.

எப்படிப் போயிற்று என்று பார்க்கத்தான் சித்தி போனாள். மாமா வெளியே போயிருந்தார். அத்தை கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணி! உங்க தட்டைப் பாருங்க, என்னமா வந்திருக்கு! எனக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்ல. உங்க தம்பி சொல்லலையா?"

விளக்கடியில் தட்டு தட்டாக ஆரஞ்சு. எல்லாப் புழுவும் மல்லாந்து, தலை சுவர்ப்பக்கம். அப்படி அடுக்குகிறவள் சித்தி மட்டும்தான்.

ஒரே வித்தைப் பிரித்துப் பிரித்து வளர்த்தால் அது களைத்துப்போகும். பஞ்சு விடும், முளை விடாது. அது சித்திக்கும் தெரியும். தம்பி களைத்த வித்தைத் தனக்கு அனுப்புவான் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

மாமா வந்ததும் கேட்டாள். "களைச்ச வித்தைத்தானே எனக்கு அனுப்பினே?"

அவர் குழந்தையை வாங்கிக் கொஞ்ச ஆரம்பித்தார். "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்? இங்கயே வந்து ஊசி போடு. உன்னை நல்லா பாத்துக்கறேன்."

"ரூம் வேணும்னு வாய் விட்டுக் கேட்டிருந்தா குடுத்துத் தொலைச்சிருப்பேனேடா! என் கையை நானே சந்தேகப்பட வெச்சிட்டியே."

அத்தை ஒன்றும் புரியாமல் விழித்தாள். சித்தி ஒரு தட்டைத் துணி போட்டு மூடித் தூக்கிக்கொண்டாள். முளையின் உள்சதையிலிருந்து புது வித்து எடுத்துக்கொள்ளலாம்.

"அக்கா, அந்தத் தட்டு..."

"வழியை விடுடா."

அன்று மாலை என்னிடம் போனில் அழவில்லை. "அறைப் பூட்டை மாத்திட்டேன். அவன்கிட்ட ஒரு சாவி இருந்துச்சு" என்றாள். பிறகு அவளே, "நான் குடுத்ததுதான்" என்றாள்.