ஊசிக்கு முன் சொர்ணம் சிஸ்டர் கேட்டது

செவ்வாய்க்கிழமை காலை சுவாமிக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். நம் பாராயணக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "சொர்ணம் சிஸ்டர் தவறிட்டாவ. நெஞ்சு வலின்னாவளாம், ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு." வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்த வாய்க்காரியா?" என்றார். கட்டிக்கொண்டிருந்த சரத்தை முடித்து, சுவாமிக்குச் சாத்திவிட்டுத்தான் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கக் கிளம்பினேன். அழுகை வரவில்லை. வந்ததாக எழுதினால் பொய்.

உங்களில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கும்போது தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பல் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நர்சாக இருந்தார். மரத்துப்போகும் ஊசியைப் போடுவது டாக்டர். ஆனால் சிஸ்டர் தலையை ஆட்டாமல் டாக்டர் ஊசியைத் தொட மாட்டார். யார் வந்தாலும் முதலில் எடை மெஷினில் ஏற வேண்டும். அப்புறம் தினமும் விழுங்கும் மாத்திரைகளைச் சொல்ல வேண்டும். "மருந்துக்கு ஆளு மூஞ்சி தெரியாது, எடைதான் தெரியும்" என்பார்.

ஒருநாள் பக்கத்து வீட்டம்மாவுக்குத் துணையாக நான் அங்கே போயிருந்தபோது, கழுகுமலையிலிருந்து தீப்பெட்டி வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்திருந்தார். எலும்பும் தோலுமாக முப்பத்தாறு கிலோ. அவருக்கு முன்னால் போன கனத்த பெண்ணுக்கு இரண்டு ஊசி, இவருக்கு ஒன்றோடு சரி. அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவளுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா? ஏன் சிஸ்டர் இந்த ஓரவஞ்சனை?"

"பந்தியிலயா உக்காந்திருக்க, கேட்டு வாங்கித் திங்கதுக்கு? உன் ஒடம்புக்கு அம்புட்டையும் போட்டா காதுல இரைச்சல் கேக்கும், அப்புறம் வலிப்பு வரும். இங்கனயே மாலை வாங்கிப் போடவா?"

எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். சிஸ்டர் பேச்சில் மருந்து இருக்கும். மரத்துப்போக வைக்கிற மருந்து மட்டும் இருக்காது.

அன்று சிரித்த நான் அடுத்த வருடம் கடைவாய்ப் பல் வீங்கி அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். துணைக்கு மாமியார். எனக்குக் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. தூத்துக்குடி டாக்டர் ஒருவர் கொடுத்த மாத்திரையில் அடங்கியிருந்தது. நம் பக்கம் நரம்பு மாத்திரை என்று சொன்னால், கேட்கிறவர்கள் 'பைத்தியம்' என்பதைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். அதனால் அம்மா சொல்லாமலே கட்டிக்கொடுத்தாள். நாலு வருடமாகப் பூஜை அலமாரியில் சூட டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்து விழுங்கினேன். முருகனுக்கு மட்டும் தெரியும்.

"மாத்திரை ஏதும் திங்கியா?" என்றார் சிஸ்டர்.

மாமியார் முந்திக்கொண்டார். "எங்க வீட்டுல யாருக்கும் ஒரு சீக்கும் கெடையாது."

நானும் இல்லை என்றேன். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பிடித்திருந்தார்.

"ஏட்டி, ஊசியப் பாத்து மொகம் வெளுத்துக் கெடக்க. நாடி மட்டும் தூங்குது. பயந்தவ நாடி ஓடணும்லா? இத எந்த மாத்திரை புடிச்சி நிறுத்தியிருக்கு?"

நான் மாமியார் முகத்தைப் பார்த்தேன்.

"இந்த ஊசியில ரத்தக் குழாயச் சுருக்குற மருந்து ஒண்ணு கூட இருக்கு. படபடப்புக்குத் திங்க மாத்திரையில சிலதோட அது சேந்தா, பிரஷர் எகிறி நெஞ்சு நின்னாலும் நின்னுரும். சொல்லுதியா, சாவுதியா? எதுன்னாலும் ஒன் அத்தைக்கு முன்னாலயே செய்யி."

சொன்னேன். டாக்டர் அந்தச் சுருக்கும் மருந்து இல்லாத ஊசியை எடுத்து, அளவையும் குறைத்துப் போட்டார். என் மாத்திரை ஊசி மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரம் கழியவிடாதாம், அதனால் குறைவுதான் என்றார். பல் வந்தது. உயிர் இருந்தது.

மாமியார் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. மறுநாளே என் அம்மாவுக்குப் போன் போனது. "பைத்தியக்காரிய மறைச்சி எங்க தலையில கெட்டிட்டிய." என்னைப் பிறந்த வீட்டுக்கு, நாகலாபுரத்துக்கு அனுப்பினார்கள். என் மகனுக்கு அப்போது இரண்டரை வயது. அவனை என்னோடு விடவில்லை. இருநூற்று எண்பத்தாறு நாள். எந்தக் கணக்கையும் தப்பவிடாதவள் நான். நாட்காட்டித் தாளைக் கிழிக்காமல் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன். பெரியவர்கள் பேசி முடித்து நான் திரும்பிய அன்று, வாசலில் நின்ற என் பிள்ளை உள்ளே பார்த்துக் கத்தினான்: "ஆச்சி, யாரோ வந்திருக்காவ."

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"சிஸ்டர், என்னைத் தனியாக் கூப்புட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? அத்தைய வெளிய இருக்கச் சொல்ல ஒரு நிமிசம் ஆகுமா?"

அவர் எடை மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சொல்லியிருக்கலாம். தோணல. நீ உசுரோட வந்து சண்டை போடுத. போடு."

அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எங்கே பார்த்தாலும் அவர் முதலில் என் மணிக்கட்டைத்தான் பிடிப்பார். நான் உதறிக்கொள்வேன்.

துஷ்டி வீட்டில் எல்லோரும் "தங்கமான மனுசி" என்றார்கள். அவர் ஆத்மா சாந்தியடைய விளக்கேற்றியிருக்கிறேன். அவர் இல்லாவிட்டால் நான் அன்றைக்கே செத்திருக்கலாம், அதுவும் தெரியும். ஆனாலும் மன்னித்துவிட்டேன் என்று என் கையால் எழுத முடியவில்லை. முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்கிறேன். அந்த மகன் வளர்ந்து கல்யாணமும் ஆகிவிட்டது. சென்ற மாதம் மருமகளுக்குப் பல் வலி. வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புதிதாக வந்த நர்ஸ் பெண் அதையேதான் கேட்டாள்: "மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" மருமகள் அவளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"தாயி, நான் வெளிய இருக்கேன். அவிய கேக்கதுக்கு உள்ளதச் சொல்லு" என்று எழுந்து வந்து கதவைச் சாத்தினேன். அரை மணி நேரம் கழித்து, கன்னத்தில் பஞ்சோடு வந்தாள். வீடு வரும்வரை என் கையை அவள் விடவில்லை. உள்ளே என்ன சொன்னாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.