ஈயக்குண்டு வலை

எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்குப் பேசாத பிள்ளைகள் வீடு என்று பெயர். அக்காவுக்குப் பேச வராது. எனக்குப் பேச வரும், ஆனால் பேச மாட்டேன். யாராவது பெயர் கேட்டால்கூட அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுவேன். "ஒருத்திக்கு நாக்கு இல்ல, இன்னொருத்திக்கு இருந்தும் இல்ல" என்று மீன் ஏலம் எடுக்க வருகிற அண்ணாச்சி எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். ஏலத்தில் அவர் தயவு வேண்டுமே.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் மூன்றாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தோம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று, எனக்கு வயது வரும்வரை அவளைச் சேர்க்காமல் வைத்திருந்து எங்களை ஒன்றாக அனுப்பினார்கள். அக்கா யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வருவாள். ஏதாவது ஒரு வள்ளம் கடலுக்குப் போயிருந்தால், அது இருந்த இடத்தில் நின்று காற்றைத் தொடுவாள். அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. தொந்தரவு அவள் போடுகிற சத்தம்தான். பெல் அடித்தாலும், பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு சொன்னாலும், துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் காதைப் பொத்திக்கொண்டு ம்ம்ம் என்று தொடங்குவாள். மோட்டார் ஓடுகிற மாதிரி அது ஏறிக்கொண்டே போகும். அதற்கப்புறம் நெற்றியை மேசையில் முட்டுவாள்.

எங்கள் டீச்சர் ஏரல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நல்லவர். அக்காவை ஒருநாளும் அடித்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது என்னை ஒன்றிரண்டு தடவை அடித்திருக்கிறார். ஒருநாள் அம்மாவை வரச்சொல்லி வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

"டிரெயினிங்ல எங்களுக்கு என்னவெல்லாமோ சொல்லித் தந்தாங்கம்மா. இப்படி ஒரு பிள்ளை வந்தா என்ன செய்யணும்னு ஒருத்தரும் சொல்லல. அவ படிக்கலன்னாலும் பரவாயில்ல. சத்தம் மட்டும் போடாம இருந்தா நான் வச்சுக்கிடுதேன். முழுப்பரீட்சை வரைக்கும் பாப்போம்."

அம்மா வீடு வரும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். காரணம் எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பு, அம்மா மீன் விற்கப் போகையில் அக்காவின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை வாசல் தூணில் முடிந்துவிட்டுத்தான் போவாள். கட்டாவிட்டால் அக்கா நேராகக் கடலுக்குள் நடந்துவிடுவாள். பள்ளிக்கூடம் இல்லையென்றால் மறுபடியும் கயிறுதான்.

அந்தச் சத்தத்துக்கு மருந்து கண்டுபிடித்தது நான். கண்டுபிடித்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை அக்காவைக் காணவில்லை என்று தேடிப் போனபோது, வீட்டுக்குப் பின்னால் அப்பாவும் பெரியப்பாவும் வலை போட்டு வைக்கிற கொட்டகையில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஈயக்குண்டு கோத்த கனமான வலைக்கு அடியில் அக்கா படுத்திருந்தாள். செத்துப்போய்விட்டாள் என்று நினைத்து வலையைத் தூக்கினேன். பால் குடித்துவிட்டுத் தூங்குகிற பிள்ளையைப் போல இருந்தது முகம். அப்போது துறைமுகத்தில் கப்பல் ஊதியது. அக்கா காதைப் பொத்தவில்லை. நான் வலையை மெதுவாகப் பழையபடி போட்டுவிட்டேன்.

வலையைப் பெண்கள் மிதிக்கக்கூடாது, தாண்டக்கூடாது. மீன்பாடு போய்விடும். அந்த வலையில் விழுகிற மீனைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்பது பெண்கள்தான், அதற்குத் தடை இல்லை. இந்தச் சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் மிதிக்கவும் தாண்டவும்தானே கூடாது, அடியில் படுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் ஆண்கள் கடலிலிருந்து வந்து வலையைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனதும் அக்காவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போவேன். எனக்கு நூறு வரைதான் ஒழுங்காக எண்ணத் தெரியும். ஐந்து விரலை மடக்கி ஐந்து நூறு எண்ணுவேன். அதன்பிறகு பள்ளிக்கூடம். மத்தியானம் வரை அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வராது.

"என்ன மந்திரம்ளா போட்ட?" என்று டீச்சர் கேட்டார். நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒன்றரை மாதத்தில் அக்கா 'அ' எழுதினாள். சிலேட்டின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை, கரையில் வள்ளங்கள் நிற்பதுபோல வரிசையாக ஒரே எழுத்து. டீச்சர் அதை அழிக்காமல் பெரிய சாரிடம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினார்.

அந்த வருடம் மீன்பாடு சரியில்லை. காற்று மாறிவிட்டது என்றார்கள், விசைப்படகுக்காரர்கள் கரையோரத்தை வழித்துக்கொண்டு போகிறார்கள் என்றார்கள். மூன்று வாரம் வள்ளங்கள் வெறுமனே வந்தன. ஒருநாள் காலையில் பெரியப்பா கடலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிவப்பு ரிப்பன். வலையோடு கடலுக்குப் போய் வலையோடு திரும்பியிருந்தது. அப்பா அவருக்குப் பின்னால் நின்றார். வள்ளத்தில் கூடப் போகிற நாலைந்து பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அக்காவுக்கு ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து கிடந்தது.

பெரியப்பா குனிந்து என்னிடம் கேட்டார். "ஏளா, இந்த ரிப்பன் எப்படி வலைக்குள்ள போச்சு? பூனை இழுத்துட்டுப் போயிருக்கும்னு சொல்லுதான் உங்கப்பன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் எங்கள் வீட்டில் அத்தனை பேர் கூடி என்னிடம் ஒரு விஷயம் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்கு மட்டுமே பதில் தெரிந்த விஷயம் அது.

"பூனை இல்ல பெரியப்பா. அக்காதான். நான்தான் கூட்டிட்டுப் போவேன். ஈயக்குண்டு வலைக்கு அடியில படுக்க வச்சா அவ சத்தமே போட மாட்டா. டீச்சர் நல்ல பிள்ளைன்னு சொன்னாங்க."

அதுவரை நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் கண்டுபிடிப்பைக் கேட்டு மலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"தெனமுமா?" என்றார் பெரியப்பா.

"தெனமும்" என்றேன்.

வாசலில் நின்ற ஒருவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "பேசாத பிள்ளை பேசுது பாத்தீங்களா. மாதாதான் அது வாயில இருந்து சொல்ல வைக்காவ."

அன்று சாயங்காலம் உபதேசியார் வந்து வலைக்குத் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். சாம்பிராணிப் புகை கொட்டகையை விட்டு வெளியேற வெகுநேரம் ஆனது. அக்காவுக்குள் ஏதோ இருக்கிறது, அதுதான் அவளை வலைக்குள் இழுக்கிறது என்று பேசி முடிவு செய்தார்கள். பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் ஒரு கோயில் உண்டு. இப்படிப்பட்டவர்களை அங்கே நாற்பது நாள் விட்டு வைப்பார்கள். அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அன்றிலிருந்து கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்க்காமலே போய் வந்தார்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிப்போனார். நீளமான மண்டபம். தூணுக்கு ஒருவராக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கணுக்காலில் சங்கிலி கட்டியிருந்தது. அங்கே மணிக்கொரு தரம் பெரிய மணியை அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அக்கா ம்ம்ம் என்று தொடங்குவாள். தொண்டை கட்டி, தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. அவள் தொடங்கியதும் பிரம்போடு ஒருவர் வருவார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"அழாத பாப்பா. அடிக்கது உங்க அக்காவ இல்ல, உள்ள இருக்கத."

உள்ளே இருப்பதை அடித்தால் தடிப்பு ஏன் வெளியே வருகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பேசினால் என்ன ஆகும் என்று அதற்குள் கொஞ்சம் தெரிந்திருந்தது. அம்மா தூணுக்கு அந்தப் பக்கம் முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளும் மெலிந்திருந்தாள்.

நாற்பது நாள் முடிந்து அக்கா வந்தாள். சத்தம் நின்றிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் மணி அடித்தபோது தன் காலைப் பார்த்தாள், கையைத் தூக்கவில்லை. கரை வழியாகப் போனோம், ஒரு வள்ளத்தையும் தொடவில்லை. எனக்குச் சந்தேகம் தீரவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் கையைப் பிடித்து வலைக் கொட்டகை வாசல் வரை கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன். நின்ற இடத்திலேயே அவளுடைய பாவாடை நனைந்தது.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "அக்காவுக்கு இப்போ வலையக் கண்டாலே பயம்மா. இனிமே போகவே மாட்டா." அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த வாரம் மீன்பாடும் கூடியது. அதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. பேசாத, நடக்காத பிள்ளைகள் வருகிற ஒரு பகல்நேர மையத்தில் ஆயாவாக இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் இல்லை, அக்கா என்னோடு இருக்கிறாள். போன மாதம் டவுனில் டீச்சர்மாருக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஆயாக்களும் வரலாம் என்றார்கள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு சாதாரண பெல் சத்தம் எப்படிக் கேட்கும் என்று சொன்னாள். பிறகு மணல் வைத்துத் தைத்த ஒரு கனமான போர்வையை எடுத்தாள். சில பிள்ளைகளுக்கு இந்தக் கனம் அமைதி தரும், வேண்டாம் என்று காட்டினால் அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொருவரும் மடியில் வைத்துப் பார்க்கக் கொடுத்தாள். "ஆயாம்மா, தாங்க, நாங்களும் பாக்கணும்லா" என்று பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டபோதுதான், நான் அதை விடாமல் பிடித்திருப்பது எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பழைய சேலையில் மணலை வைத்துத் தைத்து அக்காவின் மடியில் போட்டேன். அக்கா அசையாமல் இருந்தாள். பிடித்துப்போய் அப்படி இருக்கிறாளா, நான் போட்டதால் இருக்கிறாளா என்று தெரியவில்லை. வேண்டாம் என்று காட்ட அவளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்றும் தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.

அக்கா திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும். புது ரிப்பன் கட்டி அம்மாவே கூட்டி வந்தாள். பெல் அடித்தது, பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள், அக்கா இருந்த இடத்தில் இருந்தாள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சிலேட்டைக் கொடுத்து 'அ' போடச் சொன்னார். சிலேட்டுக் குச்சி அக்காவின் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "பரவாயில்ல, பரவாயில்ல, இனி மெதுவா வரும்" என்று சொல்லி அவளை முன் பெஞ்சில் உட்கார வைத்தார். முழுப்பரீட்சைக்குப் பிறகும் அங்கேதான் இருந்தாள். சிலேட்டை அவளிடம் அதற்கப்புறம் யாரும் கொடுக்கவில்லை.

அன்று டீச்சர் என்னிடம் சொன்னார். "இனி நீ கையப் பிடிக்க வேண்டாம்ளா. உன் கூட்டாளிகளோட போய் உக்காரு."

மூன்று வருடத்தில் எனக்கென்று கிடைத்த முதல் இடம் அது, ஜன்னல் ஓரம். கையை விட்டுவிட்டு ஓடினேன். நடுவில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். நான் விட்ட கையை அக்கா விட்ட இடத்திலேயே, மேசை மேல் விரித்தபடி வைத்திருந்தாள். டீச்சர் சொன்னபடி கேட்கிறாள் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் பெல் அடித்து நான் போய்ப் பிடிக்கும்வரை அந்தக் கை அப்படியே இருந்தது.